உளவியல் ஆலோசனை: ஆட்டத்துக்கும் அன்றாடத்துக்கும்

கால்பந்தில் பெனால்டி உதைக்கு 11 மீட்டர் தூரம். பந்து அசையாமல் நிற்கிறது, எதிரில் கோல்கீப்பர் ஒருவர் மட்டும். தொழில்முறை வீரருக்கு இது பயிற்சியில் செய்து செய்து சலித்துப்போன வேலை. நார்வேயைச் சேர்ந்த உளவியல் ஆய்வாளர் கெய்ர் யோர்டெட், பெரிய போட்டிகளில் நடந்த பெனால்டி ஷூட் அவுட்களை (சமனில் முடிந்த ஆட்டத்தில் இரு அணிகளும் மாறி மாறி பெனால்டி உதைத்து வெற்றியை முடிவு செய்வது) ஒவ்வொன்றாக எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தார். 'இது உள்ளே போனால் ஜெயித்துவிட்டோம்' என்ற நிலையில் உதைத்தவர்களில் 90 சதவீதத்துக்கும் மேல் கோல் போட்டிருந்தார்கள். 'இது தவறினால் தோற்றோம்' என்ற நிலையில் உதைத்தவர்களிடம் அது 60 சதவீதத்தை ஒட்டி இறங்கியிருந்தது. இரண்டு இடத்திலும் தூரமும் பந்தும் ஒன்றுதான். தலைக்குள் ஓடிய வாக்கியம்தான் வேறு.

அந்த வாக்கியம் எங்கிருந்து வருகிறது, வந்தால் அதை என்ன செய்வது என்று ஒருவரோடு உட்கார்ந்து பார்ப்பதைத்தான் உளவியல் ஆலோசனை, அதாவது கவுன்சலிங், என்கிறோம். மைதானத்துக்கு மட்டும் இது பொருந்தும் என்றில்லை. நேர்முகத் தேர்வில் தெரிந்த பதில் வாயில் வராமல் போவதும், ராத்திரி 2 மணிக்கு நாளைய மீட்டிங்கை நினைத்துப் புரண்டு படுப்பதும் இதே வகைதான்.

விளையாட்டு வீரர்களின் 'மனப்பயிற்சி' வேறு, சாதாரண மனிதர்களின் 'கவுன்சலிங்' வேறு என்று பொதுவாக ஒரு கோடு கிழித்து வைத்திருக்கிறோம். முதலாவதைப் பேட்டியில் பெருமையாகச் சொல்வார்கள், இரண்டாவதை வீட்டில்கூடச் சொல்லமாட்டார்கள். என் பார்வையில் இந்தக் கோடு பாதிப் பொய். ஆட்டத்தைச் சரிசெய்ய வந்த வீரரின் சிக்கல் பெரும்பாலும் வீட்டிலோ, தூக்கத்திலோ, 'நான் தோற்றால் எனக்கு என்ன மதிப்பு' என்ற கேள்வியிலோ போய் முடியும். அதைத் தொடாமல் நுணுக்கங்களை மட்டும் சொல்லிக்கொடுத்தால் கொஞ்ச தூரம்தான் போக முடியும்.

அந்த அறையில் என்ன நடக்கும்?

ஆலோசனை என்ற பெயரைக் கேட்டதும் யாரோ நமக்கு யோசனை சொல்லப்போகிறார் என்று தோன்றும். பயிற்சி பெற்ற ஆலோசகர் அதைத்தான் மிகக் குறைவாகச் செய்வார். 'தைரியமா இரு', 'நல்லதையே நினை' என்று சொல்ல உறவினர்கள் போதும். அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1957ல் எழுதிய ஒரு கட்டுரையில் ஆலோசகரிடம் இருக்க வேண்டியவை என்று சிலவற்றைச் சொன்னார். வந்தவரின் இடத்தில் நின்று புரிந்துகொள்வது, எடைபோடாமல் ஏற்பது, தானும் வேஷம் போடாமல் இருப்பது. கேட்க எளிமையாக இருக்கும். ஒரு மணி நேரம் அப்படி இருந்து பாருங்கள், எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். பிற்பாடு வந்த ஏராளமான ஆய்வுகளும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகின்றன: எந்த முறையைப் பின்பற்றினாலும், ஆலோசகருக்கும் வந்தவருக்கும் இடையில் உருவாகும் நம்பிக்கையும், எதை நோக்கி வேலை செய்கிறோம் என்ற உடன்பாடும் பலனைக் கணிசமாகத் தீர்மானிக்கின்றன.

ஒரு சந்திப்பு பொதுவாக 45 முதல் 60 நிமிடம். முதல் சந்திப்பில் பெரிய திறப்பு எதுவும் நடக்காது. என்ன பிரச்சினை, எப்போதிலிருந்து, தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, வீட்டில் யார் யார், இதற்கு முன் சிகிச்சை எடுத்ததுண்டா, எது மாறினால் நன்றாக இருக்கும் என்று கேள்விகள்தான் போகும். பேசுவது எல்லாம் ரகசியம் என்றும், அந்த ரகசியத்துக்கு எங்கே எல்லை என்றும் அப்போதே சொல்லிவிட வேண்டும். இந்த ரகசிய விஷயத்தைப் பற்றிப் பின்னால் பேச வருகிறேன்.

முறைகள் பல உண்டு. அதிகம் ஆராயப்பட்டது சிபிடி எனப்படும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை. அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் 1960களில் உருவாக்கியது. மனச்சோர்வோடு வந்தவர்களிடம் அவர் ஒன்றைக் கவனித்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே அவர்களுக்குள் சின்னச் சின்ன எண்ணங்கள் மின்னி மறைந்துகொண்டிருந்தன. 'இவருக்கு என்னைப் பிடிக்கவில்லை', 'நான் எப்போதுமே இப்படித்தான்'. அவற்றை யாரும் எண்ணம் என்று பார்ப்பதில்லை, உண்மை என்றே எடுத்துக்கொள்கிறார்கள். அந்த எண்ணத்தைப் பிடித்துக் காகிதத்தில் எழுதி, இதற்கு என்ன ஆதாரம், வேறு எப்படிப் பார்க்கலாம், சோதித்துப் பார்க்க என்ன செய்யலாம் என்று போவதுதான் சிபிடியின் அடிப்படை. பல பிரச்சினைகளுக்கு 6 முதல் 20 சந்திப்புகள் வரை போகும்.

நடைமுறையில் இது எப்படி இருக்கும் என்று ஒரு கற்பனை உரையாடலில் பார்ப்போம். 17 வயது பேட்மிண்டன் வீராங்கனை. முக்கியமான மேட்ச் எல்லாவற்றிலும் கடைசி நேரத்தில் விட்டுவிடுகிறாள் என்று கோச் அனுப்பிவைத்திருக்கிறார்.

"கடைசி கேம்ல என்ன ஆச்சு?"

"தெரியல மேடம். 18-16 வரைக்கும் நான்தான் லீடிங். அப்புறம் எல்லாம் போச்சு."

"18-16ல சர்வீஸ் யாரோடது?"

"என்னோடதுதான்."

"போடறதுக்கு முன்னாடி எங்க பார்த்தீங்க, ஞாபகம் இருக்கா?"

கொஞ்ச நேரம் யோசிக்கிறாள். "அப்பாவை."

"அப்பா என்ன பண்ணிட்டிருந்தார்?"

"ஒண்ணும் பண்ணல. கையைக் கட்டிட்டு உட்கார்ந்திருந்தார்."

"அதைப் பார்த்ததும் உள்ள என்ன ஓடுச்சு?"

"இதையும் விட்டுட்டா வீட்டுக்குப் போற வரைக்கும் கார்ல பேசமாட்டாரேன்னு."

ஆலோசகர் இங்கே ஒரு யோசனையும் சொல்லவில்லை. 'எல்லாம் போச்சு' என்ற மூட்டமான பேச்சிலிருந்து ஒரு ஸ்கோர், ஒரு பார்வை, ஒரு எண்ணம் என்று இறங்கி வந்திருக்கிறார், அவ்வளவுதான். அந்த சர்வீஸ் போடும்போது உடம்பு மைதானத்தில் இருந்தது, மனசு காரில் ஏறிவிட்டது என்று அவளுக்கே இப்போது தெரிகிறது.

இனி இரண்டு வேலை. ஒன்று மைதானத்து வேலை: சர்வீஸுக்கு முன் கண் எங்கே இருக்க வேண்டும், மூச்சு எப்படி, எத்தனை நொடி என்று ஒரு ஒழுங்கை உருவாக்கிப் பயிற்சியில் பழக்குவது. இது சில வாரங்களில் கைக்கு வந்துவிடும். இரண்டாவது, அந்தக் கார் பயணம். அப்பாவின் மௌனம் அவளுக்கு என்ன அர்த்தத்தைத் தருகிறது, அது அப்பா நினைக்கும் அர்த்தம்தானா, அவரையும் ஒருமுறை வரச்சொல்லிப் பேசலாமா? இதற்கு மாதங்கள் ஆகலாம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது விளையாட்டு சம்பந்தப்பட்ட வேலையாகவே தெரியாது. ஆனால் இது நடக்காவிட்டால் முதல் வேலை ஏதாவது ஒரு பைனலில் உடைந்துவிடும்.

பதற்றம் உடம்பில் செய்யும் வேலை

ஆபத்து என்று மூளை முடிவெடுத்ததும் அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது, மூச்சு மேலோட்டமாகிறது, தசைகள் இறுகுகின்றன, தோலுக்குப் போகும் ரத்தம் குறைவதால் விரல்கள் சில்லென்று ஆகின்றன, கவனம் ஒரு புள்ளியில் குறுகுகிறது. துரத்தும் விலங்கிடமிருந்து ஓட இது அருமையான ஏற்பாடு. கோல்ஃபில் ஒரு மீட்டர் தூரத்துப் பந்தைக் குழிக்குள் தட்ட அவ்வளவு அருமை இல்லை.

அதற்காகப் பதற்றமே கூடாது என்பதும் தவறு. 1908ல் யெர்க்ஸ், டாட்சன் என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட சோதனையை வைத்து, தூண்டுதல் மிகக் குறைந்தாலும் கெடுதி, மிக அதிகமானாலும் கெடுதி, நடுவில் ஓரிடத்தில்தான் செயல்திறன் உச்சம் என்று பாடப்புத்தகங்கள் சொல்லும். (சோதனை நடந்தது எலிகளின் மேல். விளையாட்டு வீரர்களைப் பற்றி அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. பிற்பாடு வந்தவர்கள் ஏற்றி வைத்த சுமை அது.) அந்த நடு இடம் எல்லோருக்கும் ஒன்றல்ல. பளு தூக்குபவர் கத்திக்கொண்டே மேடை ஏறலாம். துப்பாக்கி சுடுபவருக்கு இதயத் துடிப்பே இடைஞ்சல். ஒரே விளையாட்டிலும் ஒருவருக்குப் பாட்டு கேட்டுச் சூடேற வேண்டும், இன்னொருவருக்குத் தனியாக உட்கார வேண்டும். தனக்கு எது என்று கண்டுபிடிப்பதே ஆலோசனையில் பாதி வேலை.

நன்றாகத் தெரிந்த வேலை முக்கியமான நேரத்தில் ஏன் சொதப்புகிறது? இரண்டு விளக்கங்கள் சொல்வார்கள். கவலை, மூளையில் அந்த நேரத்து வேலைக்கான இடத்தை அடைத்துக்கொள்கிறது என்பது ஒன்று. கணக்குப் போடுவது, வியூகம் வகுப்பது போன்றவை இப்படித்தான் கெடுகின்றன. இரண்டாவது கொஞ்சம் வினோதமானது. பழகிப் பழகித் தானாக ஓடும் ஒரு அசைவை, பயத்தில் நாம் கையில் எடுத்து இயக்கப் பார்க்கிறோம். மாடிப்படியில் வேகமாக இறங்கும்போது எந்தக் காலை எங்கே வைக்கிறோம் என்று உற்றுக் கவனித்தால் தடுமாறுவோம் அல்லவா, அதேதான். அதனால்தான் தேர்ந்த வீரரிடம் நெருக்கடியில் 'முழங்கையைக் கவனி, கவனமா ஆடு' என்று கத்துவது பல நேரம் உதவியைவிட உபத்திரவம். புதிதாகக் கற்பவருக்கு அதே வார்த்தை பயன்படும்.

இதற்கான கைவேலைகள் பெரிய ரகசியமெல்லாம் இல்லை. மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக்கினால் இதயத் துடிப்பு இறங்கும். இது உடலியல், மந்திரமல்ல. ஒவ்வொரு முறையும் அதே வரிசையில் அதே சின்னச் சின்னச் செயல்களைச் செய்யும் வழக்கம், மனசு அலையும் இடைவெளியை நிரப்பிவிடும். 'ஜெயிக்க வேண்டும்' என்ற இலக்கு நம் கையில் முழுசாக இல்லை. 'முதல் மூன்று ஷாட்டை நீளமாக ஆட வேண்டும்' என்பது கையில் இருக்கிறது. அப்புறம் மனக்காட்சி: கண்ணை மூடி, அந்த அரங்கத்தின் சத்தம், தரையின் பிடிமானம், கையில் மட்டையின் கனம் வரை சேர்த்து ஓட்டிப் பார்ப்பது. கோப்பையைத் தூக்குவதாகக் கற்பனை செய்வதால் அதிகப் பயன் கிடையாது. தவறு நடந்த பின் அடுத்த புள்ளிக்கு எப்படித் திரும்புகிறோம் என்பதை ஓட்டிப் பார்ப்பதுதான் காசு பெறும்.

இன்னொன்று, எளிமையானது என்பதாலேயே எனக்குப் பிடித்தது. 2014ல் அலிசன் வுட் புரூக்ஸ் என்ற ஆய்வாளர், பாடவும் பேசவும் கணக்குப் போடவும் வேண்டிய ஆட்களிடம் தொடங்குவதற்கு முன் ஒரு வாக்கியம் சொல்லச் சொன்னார். படபடப்பை அமைதியாக்க முயன்றவர்களைவிட, 'நான் உற்சாகமாக இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகச் செய்தார்கள். பயத்துக்கும் உற்சாகத்துக்கும் உடம்பில் ஏறத்தாழ ஒரே அறிகுறிகள்தான். துடிக்கிற இதயத்தை அடக்குவதைவிட அதற்கு வேறு பெயர் வைப்பது சுலபம்.

இங்கிலாந்தின் கதை

பெனால்டிக்குத் திரும்புவோம். இங்கிலாந்து ஆண்கள் அணி 1990, 1998, 2006 ஆகிய மூன்று உலகக் கோப்பைகளிலும் ஷூட் அவுட்டில் தோற்று வெளியேறியது. நடுவர் விசில் ஊதியதும் மற்ற பெரிய அணிகளைவிட அவசரமாக உதைப்பவர்கள் இவர்கள்தான் என்றும் யோர்டெட் கவனித்திருந்தார். அந்த நிற்கிற நேரம் தாங்க முடியவில்லை, சீக்கிரம் முடிந்தால் போதும் என்ற அவசரம். 1996 யூரோவில், அதாவது ஐரோப்பிய நாடுகளுக்கான கோப்பைப் போட்டியில், பெனால்டியைத் தவறவிட்ட கரேத் சவுத்கேட் பிற்பாடு அதே அணிக்கு மேலாளராக வந்தார். அவர் காலத்தில் பிப்பா கிரேஞ்ச் என்ற உளவியலாளர் அணியோடு வேலை செய்தார். நேரம் எடுத்துக்கொள்வதைப் பழகினார்கள். அதே அளவுக்கு முக்கியம், வீரர்கள் சிறு குழுக்களாக உட்கார்ந்து தங்கள் வாழ்க்கையையும் பயங்களையும் ஒருவரிடம் ஒருவர் பேசினார்கள். 2018ல் கொலம்பியாவை 4-3 என்று வீழ்த்தி உலகக் கோப்பையில் முதல்முறை ஷூட் அவுட்டில் ஜெயித்தார்கள்.

இத்தோடு நிறுத்தினால் விளம்பரம் ஆகிவிடும். 2021ல் நடந்த யூரோ இறுதிப் போட்டியில் அதே சவுத்கேட்டின் அணி இத்தாலியிடம் ஷூட் அவுட்டிலேயே தோற்றது. மனப்பயிற்சி வாய்ப்பைக் கூட்டும், முடிவை வாங்கித் தராது. 'பத்து செஷனில் சாம்பியன்' என்று யாராவது சொன்னால் அங்கே பணம் கட்டாதீர்கள்.

ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸின் கதை இதைவிடத் தெளிவு. டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021 ஜூலை 27 அன்று, ஓடிவந்து மேடையில் கையூன்றித் தாவும் வால்ட்டில், காற்றில் இரண்டரை முறை சுழல வேண்டிய இடத்தில் ஒன்றரை சுழற்சியோடு தரையிறங்கினார். காற்றில் தன் உடம்பு எங்கே இருக்கிறது என்ற உணர்வே திடீரென்று தொலைந்துபோவதை அந்த விளையாட்டில் 'ட்விஸ்டீஸ்' என்பார்கள். கழுத்து முறியக்கூடிய ஆபத்து அது. அணி இறுதியிலிருந்து விலகினார். 'பயந்து ஓடிவிட்டார்' என்று உலகம் முழுக்கத் திட்டியவர்கள் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சுழற்சி இல்லாமல் இறங்கும் வகையில் பீம் (குறுகலான கட்டையின் மேல் செய்யும்) பயிற்சியை மாற்றிக்கொண்டு வெண்கலம் வாங்கினார். பிறகு நீண்ட இடைவெளி, தொடர்ந்த சிகிச்சை. 2024 பாரிஸில் மூன்று தங்கம், ஒரு வெள்ளி. அணி இறுதி நடந்த நாளை அன்று காலை தெரபி சந்திப்போடுதான் தொடங்கியதாக அவரே சொன்னார். பதக்கத்தைவிட டோக்கியோவில் விலகிய முடிவைத்தான் நான் ஆலோசனையின் பலன் வரிசையில் முதலில் வைப்பேன். 'இன்று முடியாது' என்று சொல்லத் தெரிவதும் திறமைதான்.

உடம்பு அதிகம் அசையாத ஆட்டங்களிலும் இதே கதை. 2024 டிசம்பரில் 18 வயதில் உலக செஸ் சாம்பியனான குகேஷ், மனப்பயிற்சியாளர் பாடி அப்டனோடு வேலை செய்தார். 2011ல் கிரிக்கெட் உலகக் கோப்பை வென்ற இந்திய அணியோடு இருந்தவர் அப்டன். அந்த செஸ் போட்டியில் குகேஷின் எதிராளியான டிங் லிரென், தனக்கு இருந்த மனச்சோர்வைப் பற்றி வெளிப்படையாகப் பேசியவர்.

மைதானம் இல்லாதவர்களுக்கு

நமக்கு ஸ்கோர்போர்டு இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். தூக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தூக்கம் வராதவர் சீக்கிரமே படுக்கைக்குப் போவார், புரளுவார், மணியைப் பார்ப்பார், 'இன்னும் நாலு மணி நேரம்தான்' என்று கணக்குப் போடுவார். கொஞ்ச நாளில் படுக்கை என்றாலே விழிப்பு என்று மூளை பழகிவிடும். இதற்கென்றே உள்ள சிபிடி முறையில் முதலில் சொல்வது, தூக்கம் வராவிட்டால் படுக்கையை விட்டு எழுந்துவிடுங்கள், கண் சொக்கும்போது மட்டும் திரும்பிப் போங்கள் என்பது. காலையில் எழும் நேரம் மட்டும் மாறக்கூடாது. முதல் சில நாள் கொடுமையாக இருக்கும். நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்னால் பரிந்துரைக்கப்படுவது இந்த முறைதான்.

மனச்சோர்விலும் இதே மாதிரி ஒரு தலைகீழ் வேலை இருக்கிறது. மனசு சரியானதும் வெளியே போகலாம், நண்பரைப் பார்க்கலாம் என்று காத்திருப்போம். காத்திருக்கக் காத்திருக்க வாழ்க்கை சுருங்கும், சுருங்கச் சுருங்கச் சோர்வு கூடும். அதனால் ஆலோசகர் மனநிலையை விட்டுவிட்டுச் செயலில் தொடங்குவார். பிடிக்குதோ இல்லையோ, 10 நிமிடம் நட, ஒருவருக்கு போன் பண்ணு, அதற்கு முன்னும் பின்னும் மனநிலைக்கு மார்க் போடு. பின்னால் போட்ட மார்க் ஒரு புள்ளி கூடியிருந்தால், 'எதைச் செய்தும் பயனில்லை' என்ற எண்ணத்துக்கு எதிராக முதல் ஆதாரம் கிடைத்துவிட்டது.

திடீர் பீதியில் நெஞ்சு படபடக்கும்போது 'மாரடைப்போ' என்று பயந்து, அந்தப் பயத்தில் படபடப்பு இன்னும் ஏறும். இந்தச் சுழலைக் காகிதத்தில் வரைந்து காட்டியதும் பாதி பயம் குறைந்தவர்கள் உண்டு. (முதல்முறை நெஞ்சு வலித்தால் மட்டும் இதையெல்லாம் நினைக்காமல் மருத்துவரிடம் போய்விடுங்கள்.)

சரி, ஜெயித்தவர்களுக்கு எதற்கு இதெல்லாம்? 2008 பெய்ஜிங்கில் துப்பாக்கி சுடுதலில் தங்கம் வென்ற அபினவ் பிந்த்ரா, அந்தத் தங்கத்துக்குப் பிறகு வந்த வெறுமையைப் பற்றிப் பலமுறை பேசியிருக்கிறார். பல வருடம் ஒரே இலக்கு, அது ஒரு நாளில் கிடைத்துவிட்டது, மறுநாள் காலை எதற்கு எழுந்திருப்பது? 23 ஒலிம்பிக் தங்கம் வாங்கிய மைக்கேல் ஃபெல்ப்ஸும் ஒவ்வொரு ஒலிம்பிக்குக்குப் பிறகும் தன்னை அழுத்திய மனச்சோர்வைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். காயமும் ஓய்வும் இதையே வேறு வடிவில் செய்கின்றன. சின்ன வயதிலிருந்து 'நான் ஓட்டக்காரன்' என்று மட்டுமே இருந்தவருக்கு முழங்கால் தசைநார் அறுந்தால், காலோடு சேர்த்து யார் நான் என்பதும் அறுந்துவிடும். அறுவை சிகிச்சை செய்த மூட்டு தயாராகிவிட்டாலும், அந்தக் காலை நம்பித் திரும்ப மனசு துணியாததால் களத்துக்கு வராமலே போனவர்கள் நிறைய. உச்சநிலை வீரர்களின் மனநலம் பற்றி சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2019ல் தனியாக ஒரு நிபுணர் அறிக்கையே வெளியிட்டது.

யாரிடம் போவது?

பெயர்கள் குழப்பும். மனநல மருத்துவர் என்பவர் மருத்துவம் படித்தவர், மருந்து எழுதலாம். மருத்துவ உளவியலாளர் மனநோய்களை மதிப்பிட்டுப் பேச்சு வழியே சிகிச்சை தருவார். ஆலோசகர் வாழ்க்கைச் சிக்கல்கள், உறவு, பதற்றம் போன்றவற்றில் வேலை செய்வார். விளையாட்டு உளவியலாளர் ஆட்டத்தோடு சேர்த்துப் பார்ப்பவர். 'மைண்ட் கோச்' என்பது யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளக்கூடிய போர்டு, ஆகவே என்ன படித்தார், எங்கே மேற்பார்வையில் பயிற்சி எடுத்தார் என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ரகசியத்துக்கு வருகிறேன் என்றேன். உங்கள் உயிருக்கோ மற்றவர் உயிருக்கோ ஆபத்து, குழந்தைக்குக் கொடுமை நடக்கிறது, நீதிமன்றம் கேட்கிறது என்பது போன்ற சில நிலைகளைத் தவிர ஆலோசகர் வெளியே சொல்லக்கூடாது. விளையாட்டில் இங்கே ஒரு முள் இருக்கிறது. ஆலோசகருக்குச் சம்பளம் கொடுப்பது அணி. வீரர் 'எனக்குக் களத்தில் இறங்கவே பயமா இருக்கு' என்றால் அது தேர்வாளர் காதுக்குப் போகுமா? போகும் என்ற சந்தேகம் இருந்தாலே வீரர் பாதியை மறைப்பார். அதனால் முதல் நாளே நேராகக் கேட்டுவிட வேண்டும்: கோச்சுக்கு என்ன சொல்வீர்கள், என்ன சொல்லமாட்டீர்கள்? 'வந்தார், போனார்' என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லமாட்டேன் என்ற பதில் நல்ல பதில். வயதுக்கு வராத வீரரென்றால் பெற்றோருக்கு எது போகும் என்பதையும் மூவரும் சேர்ந்தே முடிவு செய்வது நல்லது.

ஆலோசனையால் ஆகாதவையும் உண்டு. வீரரை அடித்தும் அவமானப்படுத்தியும் 'பயிற்சி' தரும் கோச் இருக்கும் இடத்தில், வீரரின் 'மனவலிமையை' கூட்டச் சொல்லி அனுப்புவது அநியாயம். மாற்ற வேண்டியது கோச்சை. அலுவலகத்தில் 14 மணி நேரம் வேலை வாங்கிவிட்டு மூச்சுப் பயிற்சி வகுப்பு நடத்துவதும் அதே ரகம்தான். ஓயாத களைப்பு, ஆட்டத்தில் திடீர் சரிவு என்றால் உடம்பையும் பார்க்க வேண்டும். இரும்புச்சத்துக் குறைவு, தைராய்டு, தேவைக்குக் குறைவான சாப்பாடு, அளவுக்கு மீறிய பயிற்சி எல்லாமே மனச்சோர்வு போல வேஷம் போடும். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல் போனாலோ, அன்றாட வேலையே நடக்காவிட்டாலோ மனநல மருத்துவரையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. சாகத் தோன்றுகிறது என்றால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்கக் கூடாது. உடனே பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லி அவசர உதவிக்குப் போக வேண்டும்.

முதல்முறை போகிறவர் பெரிதாகத் தயாராக வேண்டியதில்லை. சமீபத்தில் மோசமாகப் போன ஒரு நாளை, அல்லது ஒரு மேட்சை, எத்தனை மணிக்கு என்ன நடந்தது என்ற அளவுக்கு ஞாபகப்படுத்தி ஒரு தாளில் எழுதி எடுத்துப் போனால் போதும். 'என் வாழ்க்கையே குழப்பம்' என்று தொடங்குவதைவிட அது வேகமாக வேலை செய்யும். ஆரம்பத்தில் சில சந்திப்புகளுக்குப் பிறகு முன்பைவிடக் கனமாக உணர்வதும் உண்டு. மூடி வைத்ததைத் திறப்பதால் வருவது அது. ஆனால் நாலைந்து முறை போன பிறகும் இவர் என்னைப் புரிந்துகொள்ளவில்லை, எதை நோக்கிப் போகிறோம் என்றே தெரியவில்லை என்று பட்டால் அதை அவரிடமே சொல்லுங்கள். வேலை தெரிந்த ஆலோசகர் கோபித்துக்கொள்ளமாட்டார். முறையை மாற்றிப் பார்ப்பார், இல்லையென்றால் உங்களுக்குப் பொருத்தமான இன்னொருவரின் பெயரை எழுதிக்கொடுப்பார்.